வரிசைத் தட்டும் போனஸ் வாரமும்

தீபாவளிக்கு முந்தைய வாரம், மாலை ஷிப்ட் முடியும் நேரத்தில் புதுவாயல் கூட்டுச்சாலையில் சற்று நின்று பார்த்தால் போதும், இந்தப் பக்கத்துப் பரிசுக் கணக்கு முழுவதும் கண்முன்னே போகும். கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலிருந்து வரும் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர்கள் எல்லோர் கையிலும் ஒரே மாதிரி ஸ்வீட் பெட்டி. சிலர் கையில் மட்டும் அதோடு ஒரு எவர்சில்வர் டிபன் செட். பெரியபாளையம் ரோட்டிலிருந்து திரும்பும் கன்டெய்னர் லாரிக்குள் யார் யாருக்கோ யார் யாரோ போனில் வாங்கிய பரிசுகள். ஆட்டோவின் பின்சீட்டில் துணிக்கடைப் பைகளுக்கு நடுவே ஒரு அம்மா, விரலை மடக்கி மடக்கி எதையோ கூட்டிக்கொண்டு போகிறார்.

அவர் எதைக் கூட்டுகிறார் என்று கேட்கத் தேவையில்லை. பெரிய மருமகனுக்கு எடுத்தாயிற்று. சின்ன நாத்தனார் பிள்ளைகள் இருவர் பாக்கி. சம்பந்தி வீட்டுக்கு என்ன கொண்டுபோவது? போனஸ் எவ்வளவு வரும்?

புதுவாயல் பெரிய ஊர் இல்லை. பழைய ஜி.என்.டி. ரோட்டில், கவரைப்பேட்டைக்குப் பக்கத்தில் கும்மிடிப்பூண்டி போகும் வழியில், ஆரணிக்கும் பெரியபாளையத்துக்கும் சாலை பிரிகிற இடம். ஏரிப் பாசனமும் ஆரணியாறும் ஊட்டிய நெல்வயல்கள் சுற்றிலும் இருந்தன. இப்போது அந்த வயல்களுக்கு நடுவே பொறியியல் கல்லூரி இருக்கிறது, இண்டோஸ்பேஸ் போன்ற கிடங்குப் பூங்காக்கள் இருக்கின்றன, ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வேலைக்கு வந்தவர்கள் தங்கும் வரிசை அறைகள் இருக்கின்றன. பண்டிகைக்கு ஒருவருக்கு ஒருவர் கொடுத்துக்கொள்வது மட்டும் நிற்கவில்லை. கொடுப்பதற்கான எல்லையை அன்று விளைச்சல் போட்டது. இன்று அந்த எல்லையை யார் போடுவது என்பதே என் கேள்வி.

எங்கள் பக்கம் தீபாவளி என்றால் பட்டாசைவிட நோன்பு பெரிது. கேதாரகௌரி நோன்பு. இருபத்தொரு அதிரசம், இருபத்தொரு முடிச்சுப் போட்ட நோன்புக் கயிறு, வாழைப்பழம், வெற்றிலை பாக்கு, மஞ்சள். இதில் அதிரசம்தான் உண்மையான பரிசுப் பொருள். அதைச் செய்கிற விதத்தைச் சொன்னால்தான் அது ஏன் பரிசு என்பது விளங்கும்.

பச்சரிசியை ஊறவைத்து, வடித்து, நிழலில் வேட்டித் துணியில் பரப்புவார்கள். முழுக்கக் காயவும் கூடாது, ஈரம் கையில் ஒட்டவும் கூடாது. அந்த நேரம் பார்த்து உரலில் போட்டு இடித்து, சலித்து, கப்பியைத் திரும்ப இடிப்பார்கள். வெல்லம் பாகாகும்போது ஒரு சொட்டைத் தண்ணீர்க் கிண்ணத்தில் விட்டு விரலால் உருட்டிப் பார்ப்பார்கள். உருண்டை தளரத் தளர நின்றால் பதம். ஒரு நிமிடம் தாண்டினால் அதிரசம் கல்லாகிவிடும், முன்னாலேயே இறக்கினால் எண்ணெயில் பிரிந்து போகும். ஏலக்காயும் சுக்கும் தட்டிப் போட்டுக் கிளறிய மாவைப் பானையில் வைத்து வாயில் துணி கட்டி இரண்டு மூன்று நாள் விடுவார்கள். பிறகு வாழை இலையில் தட்டி, எண்ணெயில் விட்டு, இரண்டு கரண்டிக்கு நடுவே அழுத்தி எண்ணெய் வடிப்பார்கள். ஒரு வாரத்து வேலை. செலவு என்று பார்த்தால் அரிசி வீட்டுது, வெல்லமும் எண்ணெயும்தான் காசு.

அந்த வேலைக்கு நடுவிலேயே யாருக்கு என்ன என்ற யோசனையும் நடக்கும். பல் போன பெரியம்மாவுக்கு நடு மெத்தென்று இருக்கும்படி தடிமனாகத் தட்டியது தனியே எடுத்து வைக்கப்படும். பிரசவித்து வந்திருக்கும் பெண்ணின் பங்கில் சுக்கு கூடும். நோன்பு எடுக்கும் வழக்கம் இல்லாத வீடுகளுக்கும் தட்டு போகும். அந்த வருஷம் சாவு விழுந்த வீட்டில் பண்டிகைக்கு எண்ணெய்ச் சட்டி வைக்க மாட்டார்கள். அதனால் அக்கம்பக்கத்திலிருந்து முதல் தட்டு அந்த வீட்டுக்குத்தான் போகும், யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது வெறுமையாகக் கொடுக்கக் கூடாது என்று ஒரு பிடி சர்க்கரையோ நாலு பழமோ வைத்து அனுப்புவார்கள். பட்டியல் போட்டுப் பரிசு தேடும் இன்றைய நமக்கு, இந்த ஏற்பாட்டில் கற்க நிறைய இருக்கிறது என்பது என் எண்ணம். பொருள் எல்லோருக்கும் ஒன்று. கவனம் ஆளுக்கு ஆள் வேறு.

பொங்கலுக்கு வரிசை. கட்டிக்கொடுத்த பெண்ணின் வீட்டுக்கு அண்ணனோ தம்பியோ கொண்டுபோவான். புதுப்பானை, புதுநெல் அரிசி, வெல்லம், மஞ்சள் கொத்து, கரும்பு ஒரு ஜோடி, பூசணி, புடவை, வேட்டி. புடவை, வேட்டி நீங்கலாக மற்றதெல்லாம் மாட்டு வண்டி போய்த் திரும்பும் தூரத்துக்குள் விளைந்தது, வனைந்தது. ஏரி நிரம்பாத வருஷம் வரிசை சிறுத்தது. அதற்கு யாரும் முகம் சுளிக்க முடியாது, ஏனென்றால் வாங்குகிற வீட்டு வயலும் அதே வானத்தை நம்பித்தான் இருந்தது.

துணி வருஷத்துக்கு ஒருமுறை. ஒரே தானில் வெட்டிய துணியில் வீட்டுப் பையன்கள் எல்லோருக்கும் சட்டை. வளர்கிற பிள்ளை என்று தையல்காரர் மடிப்பில் இரண்டு விரல் துணி கூடவே விடுவார்.

இப்படிச் சொல்லும்போது ஒன்றை மறைக்கக் கூடாது. பண்டிகை நாளில் பண்ணையாளுக்கும் சலவைத் தொழிலாளிக்கும் முடிதிருத்துபவருக்கும் கொடுத்ததை நல்ல மனசு என்று பேசுவார்கள். அது அவர்களுக்கு வருஷம் முழுவதும் கொடுக்காமல் வைத்த கூலியின் ஒரு சிறு பகுதி. வாசலுக்கு வெளியே நின்று ஏந்தி வாங்கியதைப் பரிசு என்ற கணக்கில் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை. தலைதீபாவளிக்கு மாப்பிள்ளைக்கு மோதிரம் போட நிலத்தை அடகு வைத்த வீடுகளும் அன்று உண்டு. எல்லை இருந்தது என்பதால் எல்லோரும் அதற்குள் நின்றார்கள் என்று ஆகாது.

மாற்றம் தண்டவாளத்தில் வந்தது. 1979-ல் சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டி வரை மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. தொடர்ந்து கும்மிடிப்பூண்டியில் சிப்காட் தொழிற்பேட்டை வளர்ந்தது. வயலில் நாத்து நட்டவர்களின் பிள்ளைகள் ஷிப்ட்டுக்குப் போனார்கள். 1983-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் பொங்கலுக்கு ஏழைகளுக்கு இலவச வேட்டி சேலை கொடுக்கும் திட்டம் வந்தது. நெசவாளர்களுக்கு வேலை கொடுப்பதும் அதன் நோக்கம். பண்டிகைக்குப் புதுத்துணி என்பது அரசே ஒப்புக்கொண்ட உரிமையானது எத்தனையோ குடும்பங்களுக்குப் பெரிய ஆறுதல்.

அப்போது வீட்டுக்குள் வந்த புதுச் சொல் போனஸ். அதன் பின்னால் ஒரு நீண்ட போராட்டம் இருக்கிறது. 1918-ல் அகமதாபாத் ஆலைகளில் பிளேக் காலத்துப் போனஸை நிறுத்தியபோதுதான் அந்தப் புகழ்பெற்ற வேலைநிறுத்தம் வெடித்தது. காந்தி உண்ணாவிரதம் இருந்ததும் அதற்காகவே. 1965-ல் போனஸ் சட்டம் வந்து, அதிகபட்சம் 20 சதவீதம் என்று வகுத்தது; குறைந்தது 8.33 சதவீதம் என்பது பின்னால் வந்த திருத்தம். 8.33 என்பது பன்னிரண்டில் ஒரு பங்கு, அதாவது கணக்குக்கு எடுத்துக்கொள்ளும் சம்பளத்தில் ஒரு மாதம். வருஷத்தில் முப்பது நாள் வேலை பார்த்தவரும் அதற்கு உரியவர். முதலாளி கருணையால் கொடுக்கும் அன்பளிப்பு இல்லை அது, உழைத்த கூலியின் தள்ளிப்போட்ட பகுதி. இதை ஒவ்வொரு தீபாவளிக்கும் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இன்றும் ஒரே மெஷினில் வேலை பார்க்கும் இருவரில் நிரந்தரத் தொழிலாளி போனஸும் டிபன் செட்டும் கொண்டுபோக, கான்ட்ராக்ட் தொழிலாளி ஸ்வீட் பெட்டியோடு மட்டும் பஸ்ஸை விட்டு இறங்குகிறார். அந்தப் பெட்டி வீட்டில் எப்படித் திறக்கப்படும் என்று கம்பெனிகள் ஒருமுறையாவது நினைத்துப் பார்க்க வேண்டும். ஆயுத பூஜைக்குப் பொரி, கடலை, சுண்டல் எல்லோருக்கும் ஒரே அளவில் அள்ளிக் கொடுக்கத் தெரிந்த தொழிற்சாலைக்கு, தீபாவளியில் அது ஏன் முடியாமல் போகிறது?

போனஸ் வந்த பிறகு பரிசு என்பது ஒரு வாரத்து வேலையாகச் சுருங்கியது. பணம் கைக்கு வருவது பண்டிகைக்குச் சில நாள் முன்னால். அதற்குள் எல்லோருக்கும் எல்லாம் வாங்கியாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை கவரைப்பேட்டையில் ரயில் ஏறி, கொருக்குப்பேட்டையிலோ வண்ணாரப்பேட்டையிலோ இறங்கி, எம்.சி. ரோட்டில் நுழைந்தால் கூட்டம் தள்ளிக்கொண்டு போகும். நின்று யோசிக்க இடமில்லை. 'இன்னாருக்கு என்ன பிடிக்கும்' என்ற கேள்வி 'எத்தனை பேர், ஆளுக்கு எவ்வளவு' என்று மாறுவது அங்கேதான். அவசரத்தில் எடுத்த புடவை பீரோவில் மடிப்புக் கலையாமல் இருந்து, அடுத்த விசேஷத்தில் வேறொரு வீட்டுக்குப் போகிறது.

இதை அமெரிக்கப் பொருளியலாளர் ஜோயல் வால்ட்ஃபோகல் 1993-ல் கணக்கிட்டே பார்த்தார். கிறிஸ்துமஸ் பரிசு வாங்கியவர்களிடம், அந்தப் பொருளுக்கு நீங்களாக இருந்தால் எவ்வளவு கொடுப்பீர்கள் என்று கேட்டார். கொடுத்தவர் செலவழித்ததில் பத்தில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை வாங்கியவருக்கு மதிப்பாகச் சேரவில்லை என்பது அவர் கண்டது. நெருங்கிய நண்பர்கள் கொடுத்ததில் இந்த இழப்பு குறைவு, தூரத்து உறவினர் கொடுத்ததில் அதிகம். ஆளைத் தெரியாமல் வாங்கினால் பணம் நடுவழியில் கரைகிறது என்று இதற்குப் பொருள். நம் வீடுகளில் மொய்யைப் பணமாகவே, நூற்றொன்று ஐந்நூற்றொன்று என்று வைத்ததில் இந்த ஞானம் கொஞ்சம் இருந்திருக்கிறது.

போனஸ் போதாதபோது சீட்டு. வாரா வாரம் நூறு ரூபாய் கட்டினால் தீபாவளிக்கு மளிகை, பட்டாசு, ஸ்வீட், பாத்திரம், கூடவே ஒரு தங்கக் காசு என்று நோட்டீஸ் வரும். சீட்டு நல்ல பழக்கம், சிறுகச் சிறுகச் சேர்க்கப் பழக்குகிறது. ஆனால் யாரிடம் கட்டுகிறோம் என்று பார்க்க வேண்டும். செய்யாறு பக்கம் தீபாவளிச் சீட்டில் பணம் கட்டியவர்கள் ஏமாந்து காவல் நிலையத்தில் வரிசையில் நின்ற செய்திகளை நாம் படித்தோம். பதிவு பெற்ற சீட்டுகளுக்கு 1982-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. அனுமதி இல்லாமல் பொதுமக்களிடம் பணம் திரட்டுவதைத் தடுக்க 2019-ல் தனிச் சட்டமே வந்தது. தெரிந்த முகம் என்பதற்காகக் கட்டுவதைவிட, தபால் நிலையத்திலோ வங்கியிலோ ஆர்.டி. போடலாம், மகளிர் குழுவில் சேர்க்கலாம். கைத்தறிதான் எடுப்பது என்றால் கோ-ஆப்டெக்ஸிலேயே மாதச் சேமிப்புத் திட்டம் உண்டு, கட்டிய தொகையோடு அவர்களும் ஒரு பங்கு சேர்ப்பார்கள். தீபாவளித் தள்ளுபடி தனி.

சீட்டும் போதாதபோது இப்போது போன் இருக்கிறது. இஎம்ஐ. இன்று வாங்கி அடுத்த தீபாவளி வரை கட்டலாம். இந்த இடத்தில்தான் விளைச்சல் போட்ட பழைய எல்லை முழுவதுமாக அழிந்தது. ஏரி வற்றினால் அன்று கை நின்றது. இன்று வேலை போனாலும் கை நிற்பதில்லை, மூக்குத்தி அடகுக் கடைக்குப் போன பிறகும் அடுத்த வீட்டு மருமகனுக்கு என்ன போட்டார்கள் என்ற கேள்வி நிற்பதில்லை.

சட்டத்தில் ஒரு வரி இருக்கிறது, பலர் கவனித்திருக்க மாட்டார்கள். 1961-ஆம் ஆண்டு வரதட்சணைத் தடுப்புச் சட்டத்தில், 1984-ல் கொண்டுவந்த திருத்தம் அது. கேட்காமல் கொடுக்கும் கல்யாணப் பரிசைச் சட்டம் தடுக்கவில்லை. ஆனால் பெண்வீட்டார் கொடுப்பது வழக்கத்தை ஒட்டியதாக இருக்க வேண்டும், அதன் மதிப்பு கொடுப்பவரின் பொருளாதார நிலைக்கு மிஞ்சியதாக இருக்கக் கூடாது என்கிறது. பரிசுகளுக்குப் பட்டியல் எழுதி வைக்க வேண்டும் என்று 1985-ல் விதிகளும் வந்தன. கல்யாணத்துக்காக எழுதிய அந்த அளவுகோலை ஆடி, தீபாவளி, பொங்கல் என்று தொடரும் வரிசைக்கும் வைத்துப் பார்த்தால் எத்தனை தகப்பன்மார்கள் நிம்மதியாகத் தூங்குவார்கள்!

இந்த நெருக்கடிக்கு நடுவே அழகாகக் கொடுக்கிறவர்களையும் பார்க்கிறேன். புதுவாயலை அடுத்த ஒரு கிராமத்தில் அண்ணன் தங்கை நால்வர். முன்பெல்லாம் அம்மாவுக்கு ஆளுக்கொரு புடவை, நாலு புடவை. அம்மா கட்டுவது வீட்டில் ஒன்று, கோயிலுக்கு ஒன்று. ஒரு வருஷம் மூத்த மகள், "ஏம்மா, உனக்கு என்னதான் வேணும்?" என்று ஆவணியிலேயே கேட்டிருக்கிறாள். பின்கட்டுக் குழாயடியில் உட்கார்ந்து எழுந்திருக்க முட்டி வலிக்கிறது என்றாள் அம்மா. நாலு பேரும் காசு போட்டு அங்கே இடுப்புயரத்துக்கு ஒரு துணி துவைக்கும் கல்லும் பிடித்துக்கொள்ளக் கம்பியும் வைத்துக் கொடுத்தார்கள். செலவு நாலு புடவைக்குக் கீழேதான்.

அந்தக் கேள்வியை ஆவணியில் கேட்டதுதான் முக்கியம். போனஸ் வாரத்தில் கேட்டிருந்தால் கொத்தனார் கிடைத்திருக்க மாட்டார், அம்மாவும் "எனக்கு ஒண்ணும் வேணாம்" என்று சொல்லி முடித்திருப்பாள்.

சம்பந்திகள் தங்களுக்குள் பேசி, "வரிசை வேண்டாம், நோன்புத் தட்டு மட்டும் அனுப்புங்கள்" என்று முடித்துக்கொண்ட வீடுகளும் பெருகுகின்றன. இதை எப்போதும் வாங்குகிற வீடுதான் முதலில் சொல்ல வேண்டும். கொடுக்கிற வீடு சொன்னால் அது கஞ்சத்தனமாகப் போய்விடும். மாப்பிள்ளையின் அம்மா ஒரு வார்த்தை சொன்னால் இரண்டு வீட்டிலும் வெளிச்சம்.

ஸ்வீட் பெட்டி கொடுத்தே ஆகவேண்டிய உறவுகள் உண்டு, டாக்டர், வாத்தியார், மேஸ்திரி. அட்டைப் பெட்டியைவிட நல்லது இங்கே பக்கத்திலேயே கிடைக்கிறது. பொன்னேரியைத் தாண்டிப் போனால் பழவேற்காடு. லுங்கிக்கு உலகமெல்லாம் பெயர் போன அந்த ஊரில், முஸ்லிம் பெண்கள் தலைமுறை தலைமுறையாகப் பனங்குருத்தோலையில் பெட்டி பின்னுகிறார்கள். குருத்தைக் காயவைத்து, ஈர்க்கு நீக்கி, சன்னமாகக் கிழித்து, ஒரு பகுதிக்குச் சிவப்பும் பச்சையும் சாயம் ஏற்றி, மூடி கச்சிதமாக உட்காரும்படி பின்னுவார்கள். அரைக் கிலோ இனிப்பு கொள்ளும் பெட்டி, இனிப்பு தீர்ந்த பிறகு வெற்றிலைக்கோ, ஊசி நூலுக்கோ, பிள்ளைகளின் கிரேயானுக்கோ வருஷக்கணக்கில் கூட இருக்கும். கம்பெனிகள் பெட்டிகளை மொத்தமாக இங்கே ஆர்டர் கொடுத்தால் அந்தத் தீபாவளி பழவேற்காட்டுக்கும் போய்ச்சேரும். ஏன் இன்னும் செய்யவில்லை என்பது எனக்கு வருத்தம்.

இன்னொரு பங்காளி இப்போது இந்த ஊருக்கு வந்திருக்கிறார். வரிசை அறைகளில் தங்கியிருக்கும் வடமாநிலத் தொழிலாளி. தீபாவளி கழிந்த ஆறாம் நாள் பீகார்க்காரர்களுக்குச் சட் பூஜை. லீவும் டிக்கெட்டும் கிடைத்தவர் ஊருக்குப் போகிறார், கிடைக்காதவர் அறையில் இருக்கிறார். போகிறவர் கொண்டுபோவது பிள்ளைக்குத் துணி, பெற்றோருக்குப் பணம். திரும்பும்போது கோதுமை மாவும் வெல்லமும் சேர்த்துப் பொரித்த தேகுவா ஒரு டப்பா நிறைய வருகிறது. ஒடிசாக்காரருக்கோ நம் அதிரசம் வீட்டுப் பலகாரம். அரிசி மாவும் வெல்லப் பாகும் சேர்த்து அவர்களும் இதையே செய்கிறார்கள், அரிசா பிட்டா என்று. ஆந்திரா பக்கம் அரிசெலு. வங்காள விரிகுடாவின் கரையோரம் முழுக்க ஒரே பாகு, ஒரே பதம்.

வாடகை வாங்கும் வீடுகளில் சில, நோன்புத் தட்டை இந்த அறைகளுக்கும் அனுப்பத் தொடங்கியிருக்கின்றன. "ஏம்பா, உங்க ஊர்ல இதுல எள்ளு போடுவீங்களாமே?" என்று கேட்ட ஒரு பாட்டி, மறுவருஷம் ஒரு ஈடு மாவில் எள் தூவித் தட்டி அனுப்பியிருக்கிறார். தட்டு வெறுமையாகத் திரும்பி வரவில்லை. அதில் தேகுவா இருந்தது.

இந்த வருஷம் செய்ய நினைக்கிறவர்களுக்கு: அதிரச மாவு மிஷினில் அரைத்தாலும் பழுதில்லை, பாகுதான் கையில் இருக்க வேண்டும். ஓலைப் பெட்டிக்கு இரண்டு மாதம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள், மழை பிடித்துவிட்டால் குருத்து காயாது. வீட்டில் உட்கார்ந்து மொத்தம் இவ்வளவுதான் என்று ஒரு தொகையை எழுதுவதை ஆடி முடிவதற்குள் செய்யுங்கள், போனஸ் எவ்வளவு என்ற பேச்சு கம்பெனியில் கிளம்புவதற்கு முன்னால்.